ஊர் முழுக்க லீவு போட்ட புதன்கிழமை

அண்ணியை நினைத்தால் எங்கள் வீட்டுக் கொல்லையில் காய்ந்துகொண்டிருக்கும் கறுப்புப் பஞ்சு உறைகள்தான் முதலில் கண்ணில் வருகின்றன. ஹெட்போனில் காது படும் இடத்தில் இருக்குமே, அந்த உறைகள். பெங்களூரில் ஒரு பெரிய மாநாட்டு மண்டபத்தில் அண்ணிக்கு வேலை. மேடையில் ஒருவர் பேசுவார். கண்ணாடிக் கூண்டுக்குள் இருப்பவர்கள் அதை வேறு மொழிகளில் உடனுக்குடன் சொல்வார்கள். கேட்பவர் தன் கையிலுள்ள கருவியில் எந்த எண்ணுக்குத் திருப்பினால் எந்த மொழி வரும் என்பதை ஒரு மேசையில் இருந்து ஒருவர் இயக்க வேண்டும். அந்த மேசை அண்ணியுடையது. கூட்டம் முடிந்ததும் உறைகளைக் கழற்றிப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துவந்துவிடுவாள். மருந்து அடித்துத் துடைத்தால் போதும் என்றுதான் அங்கே சொல்லியிருந்தார்கள். "ஊர் ஊரா காது. யார் காதுல இன்னா கீதோ" என்பாள். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து ஞாயிற்றுக்கிழமை வெயிலில் காயப்போடுவாள். என் அண்ணன் மகள், நாங்கள் பாப்பா என்று கூப்பிடுபவள், அவற்றைப் பத்து விரல்களிலும் மாட்டிக்கொண்டு கரடி என்று சொல்லி வீடு முழுக்கத் துரத்துவாள்.

ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னது வழக்கத்துக்காக அல்ல. அண்ணியைப் பாப்பா விழித்திருந்து பார்த்தது அந்த ஒரு நாளில்தான். மற்ற நாட்களில் அண்ணியும் நானும் விடியும் முன் கோரமண்டல் ஸ்டேஷனில் நிற்போம். மாரிக்குப்பத்திலிருந்து வரும் ரயில் அங்கே வரும்போதே பாதி நிறைந்திருக்கும். திரும்பி வரும்போது பாப்பா தூங்கியிருப்பாள். தங்கச் சுரங்கம் மூடிய பிறகு எங்கள் கோலார் தங்கவயலில் வேலைக்குப் போகிற வயதுள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இதுதான் வாழ்க்கை. பெங்களூர் போய் வருவது. பகலில் ஊரில் இருப்பவர்கள் யார் யார் என்று நான் ஒருமுறை மனத்துக்குள் எண்ணிப் பார்த்தேன்: பென்ஷன் வாங்குபவர்கள், பள்ளிப் பிள்ளைகள், வாத்தியார்கள், கடைக்காரர்கள், ஆட்டோக்காரர்கள், யாருக்கும் பயப்படாத ஆடுகள்.

அண்ணன் அந்தக் கடைக்காரர்களில் ஒருவன். ராபர்ட்சன்பேட்டை பஜாரில் எங்கள் தாத்தா வைத்த மளிகைக் கடை. அப்பாவுக்கு மூட்டு வலி வந்தபின் அது முழுக்க அண்ணன் தலையில் விழுந்தது. அண்ணி ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லைன் வீடுகள் ஒன்றில் பிறந்தவள். அவள் அப்பா சுரங்கத்தில் இருந்தவர். காதல் கல்யாணம். இரண்டு வீட்டிலும் சண்டை நடந்து, இரண்டு வீட்டிலும் ஓய்ந்தது. அண்ணன் கடையை விட்டு வர முடியாது. அண்ணியின் வேலை ஊருக்கு வராது. நடுவில் பாப்பா.

அந்த வருடம் ஜூனில் பாப்பா ஒன்றாம் வகுப்பு சேர வேண்டும். பொங்கல் முடிந்த வாரத்தில் அண்ணி சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, சாதாரணமாக உப்பு கேட்பதுபோலச் சொன்னாள். பெங்களூரில் கே.ஆர்.புரம் பக்கத்தில் ஒரு வீடு பார்த்திருக்கிறாள். மண்டபத்துக்குப் பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். பாப்பாவை அங்கேயே பள்ளியில் சேர்த்துவிடுவாள். அண்ணன் சனிக்கிழமை கடை அடைத்துவிட்டு வந்து போகலாம்.

அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "ஜூன் வரைக்கும் டைம் குடு" என்றான்.

"ஜூன்ல இன்னா வரும்?"

"எதுனா வரும்."

எதுவும் வராது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதற்கடுத்த வாரமே உண்மையில் ஒன்று வந்தது. அதுவும் என் மேசைக்கு.

நான் சிவில் இன்ஜினியர். வேலை செய்தது ஒரு ஆலோசனை நிறுவனத்தில். ஒரு நகரம் எதற்காவது போட்டியிட்டு விண்ணப்பம் போட்டால், அதில் தண்ணீர், மின்சாரம், சாலை, கட்டடம் பற்றிய பகுதிகளை எழுதித் தருவது எங்கள் வேலை. அன்று வந்த அறிவிப்பு ஒரு சர்வதேச அமைப்புடையது. சுரங்கங்கள் மூடிய ஊர்களை என்ன செய்வது என்று ஆராய்வதும், நாடுகளுக்கு ஆலோசனை சொல்வதும் அதன் வேலை. ஆசியாவுக்கென்று ஒரு அலுவலகம் திறக்கப்போகிறார்கள். எந்த ஊரில் திறக்கலாம் என்று நாடுகளைக் கேட்டிருந்தார்கள். சின்ன அலுவலகம்தான். ஆனால் மாதம் தவறாமல் கூட்டங்கள் நடக்கும், பல மொழிகளில் நடக்கும், அதற்கு ஒரு கூட்ட அரங்கமும் அதை இயக்க உள்ளூர் ஆட்களும் வேண்டும் என்று எழுதியிருந்தது. அந்த வரியை நான் இரண்டு முறை படித்தேன். பிறகு எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தேன்.

அன்று மாலை ரயிலில் அண்ணியிடம் சொன்னேன். அவள் கூடையை மடியில் வைத்துக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பெண்கள் பெட்டியில் மாலூர் வருவதற்குள் மறுநாள் சமையலில் பாதி முடிந்துவிடும்.

"நம்ப ஊருக்கா? ஜெனிவாவுக்குப் போறவங்க நம்ப ஊருக்கு எதுக்கு வரணும்?"

"ஜெனிவாவுக்கு மட்டும் எதுக்குப் போனாங்க?" என்றேன்.

"அதச் சொல்லுங்க இன்ஜினியரம்மா. கீரை ஆயற வரைக்கும் டைம் கீது."

அதற்குப் பிறகு எங்கள் பயணங்கள் எல்லாம் அந்த ஒரே கேள்வியில் ஓடின. ஒரு ஊர் எப்படி உலகத்தின் அலுவலகம் ஆகிறது? நான் வேலைக்காகப் படித்ததையெல்லாம் அவளிடம் கொட்டினேன். ஜெனிவா பெரிய நாட்டின் தலைநகரம் அல்ல. யாருடைய சண்டையிலும் சேராத நாட்டில் இருந்ததால் யாரும் அதைக் கண்டு பயப்படவில்லை. வியன்னாவில் அரசே பெரிய கட்டடங்களைக் கட்டி, பெயருக்கு ஒரு வாடகை வைத்து, வந்து உட்காருங்கள் என்றது. நைரோபிக்குப் போனது, எல்லாம் பணக்கார நாடுகளிலேயே இருக்க வேண்டுமா என்று மற்ற நாடுகள் சேர்ந்து கேட்டதால். பான் நகரத்தின் கதை வேறு. அது ஜெர்மனியின் தலைநகரமாக இருந்தது. தலைநகரம் பெர்லினுக்குப் போனபோது அலுவலகங்கள் காலியாகின. அந்தக் காலி இடங்களில்தான் சர்வதேச அமைப்புகள் வந்து உட்கார்ந்தன.

அண்ணி கீரைக் காம்பைக் கிள்ளுவதை நிறுத்தினாள். "அந்த ஊருக்கும் வேலை போச்சா?"

"போச்சு."

"போனதுக்கு அப்புறம்தான் வந்தாங்களா?"

"ஆமா."

"அப்போ நம்ப ஊரை எழுதுங்க" என்றாள்.

நான் ஒருத்தி எழுதிவிட்டால் ஆகிவிடுமா? ஆனால் விஷயம் தானாக நகர்ந்தது. சுரங்கம் மூடிய ஊர் என்ற தலைப்புக்கு எங்கள் ஊரைவிடப் பொருத்தம் வேறு எது? அரசாங்கத்திலும் யாரோ அப்படி நினைத்தார்கள். ஊரில் ஒரு கமிட்டி அமைந்தது. தலைவர், ஒரு காலத்தில் சுரங்கத்தில் மைன் கேப்டனாக, கீழே இறங்குகிறவர்களின் மேற்பார்வையாளராக இருந்தவர். இன்றும் ஊர் அவரைக் கேப்டன் சார் என்றுதான் கூப்பிடும். வெள்ளைச் சட்டை, வெள்ளை மீசை, எல்லாவற்றிலும் அவசரம். முதல் கூட்டத்திலேயே, "நம்ப ஊரு ஆல்ரெடி இன்டர்நேஷனல். எத்தனை தேசத்துக்காரன் இங்க வந்து தங்கினான்!" என்று மேசையைத் தட்டினார்.

"மேல தங்கினாங்க சார். கீழ நம்மளத்தான் அனுப்பினாங்க" என்றாள் அண்ணி. கூட்டம் சிரித்தது. கேப்டன் சாரும் சிரித்தார். அன்றே அவளைக் கமிட்டியில் போட்டுவிட்டார்.

இறுதிச் சுற்றுக்கு இரண்டு ஊர்கள் வந்தன. ஒன்று நாங்கள். மற்றொன்று வேறொரு நாட்டின் கடற்கரை நகரம். ஆய்வுக் குழு ஒன்று இரண்டையும் நேரில் பார்க்கும். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து நான் சரியாகத் தூங்கவில்லை. என் மனம் எப்போதும் பட்டியல் போட்டுக்கொண்டே இருக்கும். அந்த வாரங்களில் அது நிற்கவே இல்லை. விமான நிலையத்துக்கு எவ்வளவு நேரம், நடுவில் எத்தனை இடத்தில் சாலை குறுகுகிறது. அவசர சிகிச்சைக்கு எங்கே போவது. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளி. ஊழியர்களின் கணவனோ மனைவியோ இங்கே வந்து என்ன வேலை செய்வார். மின்சாரம் போனால் எத்தனை நொடியில் ஜெனரேட்டர். சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மண்மேட்டிலிருந்து காற்று எந்தப் பக்கம் அடிக்கும். எல்லாவற்றுக்கும் ஒரு பதில் எழுதினேன். சிலவற்றுக்கு நல்ல பதில், சிலவற்றுக்கு நேர்மையான பதில். அண்ணி ரயிலில் என் தோள்மேல் சாய்ந்து அவற்றைப் படித்துவிட்டு, "கூட்ட அரங்கத்துக்கு உள்ளூர் ஆட்கள் கிடைப்பார்கள்னு எழுதியிருக்கீங்களே, அது யாரு?" என்று கேட்பாள். தினமும் கேட்பாள். நானும் தினமும், "யாரோ ஊரிகத்துப் பொண்ணாம்" என்று சொல்வேன்.

வீட்டிலும் காற்று மாறியிருந்தது. கே.ஆர்.புரம் வீட்டுக்காரரிடம் அண்ணி கொஞ்சம் பொறுக்கச் சொல்லியிருந்தாள். அண்ணன் கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "ஆபீஸ் வருது சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். பாப்பாவிடம் யாரோ சொல்லிவிட்டார்கள், "அம்மா ஆபீஸ் நடந்து வருதா?" என்று கேட்டாள்.

குழு வருவதற்கு முன் ஒரு அரசு அதிகாரி ஒத்திகை பார்க்க வந்தார். வேலை நாள், காலை பதினொரு மணி. கேப்டன் சார் அவரை ஜீப்பில் ஏற்றி ஊரைச் சுற்றிக் காட்டினார். லைன் வீடுகளின் பூட்டிய கதவுகள். வெயில் காயும் மைதானம். டீக்கடையில் இரண்டு பெரியவர்கள். பஜாரில் அண்ணன் ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். அதிகாரி கன்னடத்தில், "ஜன எல்லி சார்?" என்றார். ஆட்கள் எங்கே என்று. பெங்களூர் போயிருக்கிறார்கள், ராத்திரி வந்துவிடுவார்கள் என்று கேப்டன் சார் சொன்னார். ஜீப்பில் ஏறும்போது அதிகாரி, ஆளில்லாத ஊரில் யார் ஆபீஸ் வைப்பார்கள் என்று முணுமுணுத்ததாகக் கேள்வி.

கமிட்டி அதிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தது. அப்போதுதான் அண்ணி சொன்னாள்: "அன்னிக்கு ஒரு நாள் எல்லாரும் லீவு போட்டுட்டா இன்னா?"

இவ்வளவு எளிதான யோசனை யாருக்கும் தோன்றவில்லையே என்று எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நானும்தான். அது எங்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை என்று இப்போது நினைக்கிறேன். வேலை நாள் பகலில் தங்கள் ஊரைப் பார்க்காதவர்கள் நாங்கள். பகலில் ஊரில் ஆள் இருந்தாலே அது நல்ல ஊர் என்று நினைக்கத் தெரிந்தவர்கள்.

மறுநாள் ரயிலில் அண்ணி பெட்டி பெட்டியாக ஏறி இறங்கினாள். பங்காருப்பேட்டையில் ஒரு பெட்டி, டேகலில் ஒரு பெட்டி.

"எங்க சூப்பர்வைசருக்கு நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்கக்கா, லீவு குடுப்பாரான்னு பார்ப்போம்."

"அவருக்கும் ஒரு போஸ்ட்டு போட்டுத் தரேன்னு சொல்லு."

"எங்க பாட்டி சாவுன்னு சொல்லியே நாலு லீவு எடுத்துட்டேன்க்கா. இனிமே யாரைச் சாவடிக்கறது?"

"உன் மாமியாரு கீறாங்களே."

பெட்டி முழுக்கச் சிரிப்பு. ஆனால் ஒவ்வொருத்தியும் இறங்கும்போது, "எந்தக் கெழமைன்னு சொன்னீங்க?" என்று கேட்டுக்கொண்டு இறங்கினாள். எனக்கு அதைப் பார்க்க ஒருவிதமாக இருந்தது. அவர்கள் யாருக்கும் அந்த அலுவலகத்தில் வேலை கிடைக்கப்போவதில்லை. அது அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் ஊருக்கு யாரோ வருகிறார்கள் என்பது போதுமானதாக இருந்தது. எத்தனையோ வருடமாக ஊரிலிருந்து போவதை மட்டுமே பார்த்தவர்கள்.

அந்தப் புதன்கிழமை காலை ரயில் காலியாகப் போனது. ஊரே லீவு என்று சொன்னால் மிகை. ஆனால் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஊர் நிறைந்திருந்தது. பஜாரில் பண்டிகை நாள் நடமாட்டம். மைதானத்தில் கிரிக்கெட். டீக்கடையில் இஸ்திரி போட்ட சட்டையில் பையன்கள், உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டு. லைன் வீடுகளின் வாசலில் பெண்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவருக்கொருவர் தலை வாரிக்கொண்டிருந்தார்கள். பகல் வெயிலில் எங்கள் தெரு எப்படி இருக்கும் என்று, ஞாயிறு பகலைத் தூங்கியே கழிக்கும் எனக்கே அன்றுதான் தெரிந்தது. எதிர்வீட்டுச் சுவரின் நிறம் பச்சை. இத்தனை வருடம் நீலம் என்று நினைத்திருந்தேன்.

கேப்டன் சார் முந்தின நாளே ஒரு உத்தரவு போட்டிருந்தார்: "யாரும் பெங்களூர்னு வாயே திறக்கக்கூடாது. தூங்கறதுக்கு மட்டும் வர்ற ஊருன்னு நெனைச்சிடுவாங்க. எங்க இருக்கீங்கன்னு கேட்டா, இங்கதான்னு சொல்லுங்க. போதும்."

குழுவில் மூன்று பேர். தலைவி நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த ஒரு பெண்மணி. பொறுமையாக நடந்தார், எல்லோரிடமும் பேசினார். அலுவலகத்துக்கென்று ஒதுக்கியிருந்த பழைய பங்களாவில் சுவரைத் தட்டிப் பார்த்தார். டீக்கடையில் நின்று டீ குடித்தார். சுற்றி நின்ற பையன்களைக் கேட்டார், பகலில் எங்கே இருப்பீர்கள் என்று. ஒருவன் பெங்களூரில் சாஃப்ட்வேர் சோதனை செய்பவன், ஒருவன் ஆஸ்பத்திரி நர்ஸ், ஒருவன் மெட்ரோ ரயில் பணிமனையில் இருப்பவன். மூன்று பேரும் ஒரே குரலில், "இங்கதான் மேடம்" என்றார்கள்.

"தினமுமா?"

"தினமும், மேடம்." பெருமையாகச் சொன்னார்கள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

மதியம் பழைய கிளப் ஹாலில் கூட்டம். அண்ணி தன் மண்டபத்திலிருந்து கருவிகளைக் கேட்டு வாங்கி, மொழிபெயர்ப்பவர்களையும் கூட்டி வந்திருந்தாள். தலைவி பேசியது தமிழிலும் கன்னடத்திலும் கேட்டது. கேப்டன் சார் தமிழில் பேசியது அவர்களுக்கு ஆங்கிலத்தில் கேட்டது. ஒரு இடத்திலும் இரையவில்லை, விட்டுப்போகவில்லை. பாப்பா முதல்முறையாகத் தன் அம்மா வேலை செய்வதைப் பார்த்தாள். நாற்காலிமேல் ஏறி நின்று, வாயைத் திறந்தபடி, முழு நேரமும் மேடையைப் பார்க்காமல் பின்னால் இருந்த மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். போகும்போது தலைவி அண்ணியின் கையைப் பிடித்துக் குலுக்கி, இவ்வளவு சுத்தமான ஒலியைப் பெரிய நகரங்களில்கூடக் கேட்டதில்லை என்றார். அன்று மாலை அண்ணி கே.ஆர்.புரம் வீட்டுக்காரருக்கு, வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

ஏப்ரலில் முடிவு வந்தது. கடற்கரை நகரம். தோற்ற ஊருக்குக் காரணம் விளக்குவது அந்த அமைப்பின் வழக்கமாம். அதே கிளப் ஹாலில் திரை கட்டி, வீடியோவில் தலைவி பேசினார். கருவிகளை அண்ணிதான் இயக்கினாள். தூரம், மருத்துவமனை, பள்ளி என்று நான் எதிர்பார்த்த எல்லாம் வந்தன. அவை பெரிதல்ல, சரிசெய்யக்கூடியவைதான் என்றும் சொன்னார். பிறகு கொஞ்சம் தயங்கி, தங்களைக் கவலையில் ஆழ்த்தியது ஒன்று உண்டு என்றார். "வேலை நாளின் நடுப்பகலில் அவ்வளவு இளைஞர்கள், படித்தவர்கள்போலத் தெரிந்தவர்கள், வேலையில்லாமல் தெருவில் நின்றதைப் பார்த்தோம். நாங்கள் கேட்டபோது தினமும் அப்படித்தான் என்றார்கள். இவ்வளவு பேர் வேலையின்றி இருக்கும் ஊரில் நல்ல சம்பளம் வாங்கும் ஒரு சின்னக் கூட்டத்தைக் கொண்டுவந்து உட்காரவைப்பது இரு பக்கத்துக்கும் நியாயமல்ல" என்றார்.

ஆங்கிலத்தில் சொன்னதால் ஹாலில் பாதிப் பேருக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை. மொழிபெயர்ப்பவர் ஒரு வாக்கியம் பின்தங்கியிருந்தார். அண்ணிக்கு முதலில் கேட்டது. நான் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மாறவில்லை. கை மட்டும் மேசையிலிருந்து எழுந்தது. மேசை இயக்குபவர் கூட்டத்தில் பேசுவதில்லை. இத்தனை வருடத்தில் அவளும் பேசியதில்லை. அவள் தன் பக்கத்து மைக்கைத் திறந்தாள்.

"மேடம், அவங்க அன்னிக்கு லீவு போட்டாங்க" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

திரையில் தலைவி குனிந்து பார்த்தார். "எதற்காக?"

"நீங்க ஆளில்லாத ஊரைப் பார்க்கக்கூடாதுன்னு."

"மற்ற நாட்களில் அவர்கள் எங்கே இருப்பார்கள்?"

"ரயில்ல மேடம். வேலைக்குப் போயிருப்பாங்க. பகல்ல இங்க யாரும் இருக்க மாட்டாங்க."

தலைவி கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு, இதைச் சொன்னதற்கு நன்றி என்றார். ஆனால் உங்களிடம் பொய் சொல்ல விரும்பவில்லை, ஆளில்லாத ஊரைப் பார்த்திருந்தால் அதையும் ஒரு குறையாக நான் எழுதித்தான் இருப்பேன் என்றார்.

திரை அணைந்தபின் ஹாலில் யாரும் எழவில்லை. கேப்டன் சார்தான் கடைசியில் பேசினார். "சுரங்கத்துல வெடி வெக்கறதுக்கு முன்னாடி அந்த ஆழத்து லெவல்ல இருக்கற அத்தனை பேரையும் கேஜ் கூண்டுல மேல ஏத்திடுவோம். இப்போ நாம எல்லாரையும் உள்ளே நிறுத்தி வெச்சிக்கினு வெடிச்சிட்டோம்." சொல்லிவிட்டு அண்ணியைப் பார்த்து, "உன்னைச் சொல்லலம்மா. வாயை மூடுங்கன்னு சொன்னது நான்" என்றார்.

மறுநாள் காலை ரயிலில் செய்தி எங்களுக்கு முன்பே ஏறியிருந்தது.

"நாம எல்லாம் வெட்டியாம்டி."

"எங்க மாமியாரு இதைத்தான் பத்து வருசமா சொல்றாங்க. அதுக்கு எதுக்கு ஃபாரின்ல இருந்து வரணும்?"

"இன்னாக்கா, அடுத்த புதன்கிழமையும் லீவு போடலாமா?"

அண்ணியும் சிரித்தாள். யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை என்று நினைக்கிறேன். மாலூர் தாண்டியதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒயிட்ஃபீல்டு வரை திரும்பவில்லை.

அந்த ஞாயிறு அண்ணன் இன்னும் ஒரு வருடம் பார்க்கலாம் என்றான். கேப்டன் சார் வேறு ஏதோ அமைப்புக்கு எழுதியிருக்கிறாராம். அண்ணி கோபப்படவில்லை. "பாப்பாக்கு ஆறு வயசு ஒரு தடவதான் வரும்" என்றாள். நல்லவேளை, கே.ஆர்.புரம் வீடு இன்னும் காலியாகவே இருந்தது. ஜூன் பிறப்பதற்கு முன் போய்விட்டார்கள்.

அதன்பிறகு நான் வேறு நகரங்களுக்காகப் பல விண்ணப்பங்கள் எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஒரு ஊர் எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டதுபோலத் தோன்றும். முடிவு வந்ததும் புரியாமல் போகும். முதல் விருந்தாளி வந்துவிட்டால் இரண்டாவது ஆள் தானாக வருகிறார். அந்த முதல் ஆள் எதற்காக வருகிறார் என்பதற்கு மட்டும் எந்த நிபந்தனைப் பட்டியலிலும் பதில் இல்லை. சில நாட்களில் ரயிலில் உட்கார்ந்து, அந்தப் புதன்கிழமையை வேறு விதமாக நடத்திப் பார்க்கிறேன். குழுவை மாலை ரயில் வரும் நேரத்துக்கு வரவழைக்கிறேன். பையன்களை உண்மையைச் சொல்ல வைக்கிறேன். தலைவியை விடியற்காலையில் கோரமண்டல் பிளாட்பாரத்தில் நிறுத்துகிறேன். ஒவ்வொரு முறையும் அவர் எதையோ எழுதிக்கொள்கிறார். என்ன எழுதுகிறார் என்று எனக்குத் தெரிவதில்லை. பக்கத்து இருக்கையில் இப்போது வேறொரு பெண் கீரை ஆய்கிறாள்.

இப்போது ஒரு ஞாயிறு அண்ணியும் பாப்பாவும் இங்கே வருவார்கள். மறு ஞாயிறு அண்ணன் அங்கே போவான். அண்ணி முன்பைவிடக் கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். முகத்தில் தூக்கம் தெளிந்திருக்கிறது. பாப்பாவைப் பள்ளிக்குக் கூட்டிப்போய்விட்டு வேலைக்குப் போகிறாள், இருட்டுவதற்குள் வந்துவிடுகிறாள். பாப்பாவின் தமிழில் கன்னடம் ஏறிவிட்டது. அவர்கள் போனது சரி என்று சொல்ல எனக்கு எல்லாக் காரணங்களும் இருக்கின்றன.

போன ஞாயிறு காலையில் வந்தார்கள். வெயில் கடுமை. இருவரும் உள்ளே வந்து உட்கார்ந்ததும் அம்மா சமையலறையிலிருந்து ஒரு தட்டில் இரண்டு டம்ளர் தண்ணீரை வைத்து ஏந்திக்கொண்டு வந்து நீட்டினாள். எங்கள் வீட்டில் தட்டில் வைத்துத் தண்ணீர் கொடுப்பது வெளியாட்களுக்குத்தான். அம்மா யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்துவிட்டது.

அண்ணி டம்ளரை எடுக்காமல் தட்டையே பார்த்தாள். "இன்னா அத்தே, நான் இன்னா டெலிகேட்டா?" என்றாள்.

அம்மா சட்டென்று தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள். அண்ணனும் சிரித்தான். பாப்பா என் பக்கம் சாய்ந்து, "அத்தை, டெலிகேட்னா யாரு?" என்று கேட்டாள்.

"வெளியூர்ல இருந்து வந்து, ஒரு நாள் இருந்துட்டுப் போறவங்க" என்றேன்.

அவள் யோசித்தாள். "அப்போ அப்பாதான் டெலிகேட்டு" என்றாள். "சனிக்கிழமை வராரு, திங்கக்கிழமை போயிடறாரு."

அண்ணி இரண்டு டம்ளரில் ஒன்றை எடுத்து பாப்பாவுக்குக் கொடுத்தாள். இன்னொன்றை எடுத்துக்கொண்டு எழுந்துபோய் அண்ணன் முன்னால் நீட்டினாள்.